துணைக்குப் போனவன்

1

போன வியாழக்கிழமை மதியம் ஒரு ஜெர்மன் சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

நான் இருக்கும் ஷ்டுட்கார்ட் நகரத்தில் வியாழன்தோறும் ஒரு பழைய தேவாலயத்தில் அரைமணி நேரம் ஆர்கன் வாசிப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். முதியோர் இல்லத்தில் எனக்கு அன்றுதான் வார விடுப்பு. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இந்த ஊரில் நான் போகாத இசையரங்கு குறைவு. நகர மண்டபம், கோடைக்காலத்தில் பூங்காவில் வாசிக்கிற பித்தளை வாத்தியக் குழு, படியிறங்கிப் போகிற ஜாஸ் நிலவறை, பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பெரிய ரசிகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுருதி சேர்ந்திருக்கிறதா, விலகியிருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

நிகழ்ச்சித் தாள் கொடுக்கும் அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்களும் இசைக்காரரா என்று கேட்டார். இல்லை, என் அக்கா பாடுவாள், நான் எல்லாக் கச்சேரிக்கும் துணைக்குப் போவேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. என்ன வாத்தியம் என்று கேட்டார்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் மொழியில் ஒருவருக்குத் துணையாகப் போவதற்கும் பாடுகிறவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதற்கும் ஒரே சொல். நான் பியானோவோ வயலினோ வாசித்திருப்பேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். எதுவும் வாசிக்கவில்லை, கூடப் போனேன், கூடத் திரும்பி வந்தேன், அவ்வளவுதான் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். அதற்குள் ஆர்கன் தொடங்கிவிட்டது.

அக்கா இறந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். அந்த அம்மாளிடம் சொல்லாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களாவது தாம்பரத்தையும் பம்மலையும் அறிந்தவர்கள்.

2

அப்பா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். கிரேஸ் அக்கா, அவளுக்கு மூன்று வயது இளையவன் நான். அக்கா குரோம்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவில் நிற்பாள்.

1981இல் ஒரு கோயில் கல்யாணத்தில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு ஒருவர் வீடு தேடி வந்தார். பெயர் சேகர். பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். அக்கார்டியன் வாசிப்பார். ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மெல்லிசைக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். அவர் குழுவில் பாடிய பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அப்பா உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே கேட்டார், உங்கள் பெண் பாட வருவாளா என்று.

இரண்டு நாள் கழித்து அப்பா பதில் சொன்னார். வெளியூர் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை தவறக் கூடாது. மூன்றாவதாகச் சொன்னது என்னைப் பற்றி.

"சாமு கூடப் போவான். அவன் போகலேன்னா அவளும் போக வேண்டாம்."

எனக்கு அப்போது பதினெட்டு வயது. என்னை யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் பிடித்த மசால்வடை வாங்கிக்கொண்டு வந்தாள்.

3

மூன்று வருடம் போனோம். நூறு கச்சேரிக்கு மேல் இருக்கும்.

குரோம்பேட்டை கல்யாண மண்டபங்களில் மேடையை ஓர் ஓரத்தில் ஒதுக்கிக் கொடுப்பார்கள். மணமக்களோடு போட்டோ எடுக்க நிற்கும் வரிசைக்கும் பந்திக்கு ஓடும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று அக்கா பாடுவாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சில சமயம் சமையல்காரர்கள் மட்டும் கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலையடிவாரத்தில் கச்சேரி. லாரியின் பின்பக்கத்தை இறக்கிவிட்டு அதுதான் மேடை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கூட்டம் படியிறங்கி வந்து அப்படியே தரையில் உட்காரும். முதல் பாட்டு முருகன் பாட்டாக இருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். நான் சொல்லவில்லை.

தாம்பரம் ரயில்வே காலனி மைதானத்தில் பாடும்போது நடுவில் மின்சார ரயில் போகும். ரயில் தாண்டும்வரை டிரம்ஸ் வாசிக்கிறவர் உருட்டிக்கொண்டிருப்பார். அக்கா மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சங்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பாள். பம்மலில் தெருமுனைக் கச்சேரிக்கு வந்தவர்கள் தோல் ஊறும் வாடையில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவள் அந்தக் காற்றைத்தான் நெஞ்சு நிறைய இழுத்துப் பாட வேண்டும்.

என் வேலை அவளுடைய கைப்பையையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் வைத்துக்கொள்வது, செருப்பைப் பார்த்துக்கொள்வது, எவன் விசிலடிக்கிறான், எவன் மேடைக்குப் பக்கத்தில் வருகிறான் என்று கவனிப்பது. முக்கியமாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. வீட்டுக்குப் போனதும் அப்பா என்னைத்தான் கேட்பார்.

டிசம்பரில் அக்கா லீவு போட்டுவிட்டு என்னை மாம்பலத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். அங்கே ஒரு சபாவில் மதியக் கச்சேரியை யாரும் இலவசமாகக் கேட்கலாம். அவள் இரண்டாவது வரிசையில் உட்காருவாள். நான் கடைசி வரிசையில் ஜெர்மன் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். எங்கள் திருச்சபை வழியாகச் சில பையன்களை ஜெர்மனிக்கு அனுப்பி முதியோர் இல்லங்களில் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு மொழி படிக்க வேண்டும், பாஸ்டர் பரிந்துரைக் கடிதம் கொடுக்க வேண்டும். ஒழுங்கான குடும்பம் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தாம்பரத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

திரும்பும்போது ரயிலில் அக்கா ஒரு தடவை சொன்னாள்: "இவங்கல்லாம் உக்காந்து பாடறாங்க சாமு. யாரும் சாப்பிட்டுக்கிட்டே கேக்கல."

நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அநேகமாக இலக்கணப் புத்தகத்தில் இருந்திருப்பேன்.

4

என் மகள் ரூத்துக்கு இப்போது பத்து வயது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் திட்டுவதும்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். தாத்தா போனில் பேசினால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டுவாள். தலையாட்டுவது அவருக்குக் கேட்காது என்று பல தடவை சொல்லிவிட்டேன். கடையில் நான் பேசும்போது என் ஜெர்மனைக் கடைக்காரர் முன்னாலேயே திருத்துவாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. தப்பைத் திருத்துவதுதானே என்று நினைக்கிறாள்.

வியாழக்கிழமை நடந்ததைச் சாப்பாட்டு மேசையில் வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவி எஸ்தர் சிரித்தாள். ரூத் சிரிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்துப் பாடகர் குழுவில் இருக்கிறாள். அத்தை எப்படிப் பாடுவார் என்று கேட்டாள். நன்றாகப் பாடுவாள் என்றேன். அது இல்லை, மேல்குரலா கீழ்க்குரலா என்றாள். எங்கள் குழுவில் யார் மாதிரி இருக்கும் என்றாள்.

என்னால் சொல்ல முடியவில்லை. குரோம்பேட்டை மண்டபத்தில் எத்தனை கதவு, எந்தப் பக்கம் இருட்டு, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு பாட்டைக்கூட நான் கேட்டதில்லை. காவல் காத்தேன். ரூத் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

5

1984 பிப்ரவரியில் குரோம்பேட்டையில் ஒரு வரவேற்பு. மறுநாள் காலை எனக்கு ஜெர்மன் வகுப்பில் தேர்வு. எட்டு மணிக்குக் கச்சேரி முடிந்து வாத்தியங்களை டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். அக்காவும் சேகர் அண்ணாவும் மேடைக்குப் பின்னால், எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையையும் பிளாஸ்க்கையும் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். ஒரு ரயில் போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டு தடவை கூப்பிட்டேன். அக்கா திரும்பாமலேயே ஒரு விரலைக் காட்டினாள், ஒரு நிமிஷம் என்று. பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் கோபம் வந்தது. ஒரு பாட்டு எந்தச் சுருதியில் இருந்தால் என்ன, என் தேர்வைவிட அது பெரிதா என்று.

தேர்வை மோசமாக எழுதினேன். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா கேட்டார், நேற்று ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று. அக்கா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சேகர் அண்ணாவும் அக்காவும் எப்பப் பாத்தாலும் பேசிக்கிட்டே இருக்காங்கப்பா," என்றேன். "நான் ஒருத்தன் நிக்கறதே அவங்களுக்குத் தெரியறதில்ல."

கால் வலித்தது, தேர்வு போயிற்று, அதைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அந்தப் பேச்சு அப்பாவின் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். இருபத்தொரு வயதில் அது தெரியாமல் இருக்காது. சொல்லும்போதே தெரிந்துதான் சொன்னேன்.

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மறுநாள் காலை அக்காவிடம் இனிமேல் கச்சேரி வேண்டாம் என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை. அக்கா அம்மாவைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரமே சேகர் அண்ணா அடுத்த தேதிகளை எழுதிக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று அப்பா கேட்டிலேயே சொல்லிவிட்டார். உள்ளே கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை நடந்துபோனார். ஏறி மிதிக்கவில்லை.

6

மே மாதம் எனக்குப் பாஸ்டரின் கடிதம் கிடைத்தது. ஆகஸ்டில் அக்காவுக்குச் சிட்லபாக்கத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அரசாங்க அலுவலகத்தில் வேலை. அதிகம் பேசாத நல்ல மனிதர். வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளாதவர், அவ்வளவுதான் குறை. செப்டம்பரில் நான் விமானம் ஏறினேன்.

அக்கா பாடுவதை விட்டுவிட்டாள் என்று அம்மா எழுதினாள். கோயிலில் எல்லாரும் எழுந்து பாடும்போதும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறாளாம். பாஸ்டரே கேட்டுப் பார்த்தாராம். தொண்டை சரியில்லை என்றாளாம். நான் இங்கே பனியில் நடந்து போய்ப் படுக்கையில் கிடக்கும் கிழவர்களைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ஏதோ ஒரு மண்டபத்துக்குள் குளிருக்கு ஒதுங்கினேன். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் என் கண் தானாகக் கதவுகளை எண்ண ஆரம்பித்தது. அன்றிலிருந்துதான் இந்தப் பழக்கம்.

1990இல் ஊருக்குப் போனபோது தாம்பரத்தில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடியது. வேறு யாருடைய குழுவோ. அக்கா மேடைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுதான், முன்நெற்றியில் நரை. குழந்தைகள் இல்லை. என் மகளுக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி வந்தது. இதை விட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு அப்பாகிட்ட நான்தான்..."

"தெரியும்," என்றாள். "வா, பந்தி போட்டுட்டாங்க."

பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் இலையிலிருந்த இனிப்பை எடுத்து என் இலையில் வைத்தாள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து வேகமாகச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

7

1993இல் முதியோர் இல்லத்துக்கு எனக்குப் போன் வந்தது. ஒரு பாட்டிக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் பேசினார். மஞ்சள் காமாலை, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், என்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், இன்று விடியற்காலை போய்விட்டாள் என்றார். அவர் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தது. மறுநாள் சாயங்காலம் அடக்கம் என்றார்.

என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. விசா நீட்டிப்புக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். ஓடினேன். எண் எழுதிய சீட்டு கொடுத்து உட்காரச் சொன்னார்கள். என் முறை வந்தபோது பதற்றத்தில் வினைச்சொல்லின் காலம் மாறிவிட்டது. அக்கா இறந்துவிட்டாள் என்பதற்குப் பதில் இறந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அங்கே இருந்த பெண் வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியானால் டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார். தவறைத் திருத்திச் சொன்னேன். அவர் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். அப்படியானால் இறப்புச் சான்றிதழ், ஜெர்மன் மொழிபெயர்ப்போடு வேண்டும் என்றார். என் கோப்பு வேறு பிரிவில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் திரும்பவும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போவதற்கு வேறு இடம் தோன்றவில்லை. ஊரில் இந்நேரம் அக்காவைக் குளிப்பாட்டி உடுத்தியிருப்பார்கள், கோயில்காரர்கள் வந்து பாடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் அக்காவின் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். முகம் வந்தது, கை வந்தது, மைக்கின் வயரைச் சுருட்டிப் பிடிக்கும் விதம் வந்தது. குரல் வரவில்லை.

8

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனேன். ஒரு சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் பம்மலுக்கு பஸ் ஏறினேன். சேகர் அண்ணாவிடம் பழைய கேசட் ஏதாவது இருக்கும், அதில் அக்கா பாடியது இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தோல் கம்பெனியை மூடிவிட்டார்களாம். முன்னறையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வகுப்பை முடித்து அனுப்பிவிட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அக்கா இறந்தது சேகர் அண்ணாவுக்குத் தெரிந்திருந்தது. அடக்கத்துக்கு வந்து கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார்.

கேசட் கேட்டேன்.

"நாலஞ்சு இருந்திச்சு சாமு. எல்லாத்து மேலயும் வேற வேற பாட்டு பதிஞ்சாச்சு. ஒண்ணுகூட இல்லப்பா."

எழுந்து வந்திருக்கலாம். நான் எழவில்லை. அந்தப் பிப்ரவரி மாதம் அப்பாவிடம் சொன்னதை அப்படியே, வார்த்தை மாற்றாமல் அவரிடம் சொன்னேன். அவர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். ஸ்விட்ச் போடாததால் சத்தம் வரவில்லை. அதையே இரண்டு மூன்று தடவை அழுத்திக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது பொய் இல்லியே சாமு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நாங்க பேசிக்கினு இருந்தது பாட்டப் பத்தி இல்ல. எங்க வூட்ல கல்யாணத்துக்கு ஒத்துக்கினாங்க. நாளைக்கே வந்து உங்கப்பாகிட்ட கேக்கறேன்னு நான் சொன்னேன். அவதான் வேணாம்னா. தம்பிக்கு பாஸ்டர் லெட்டர் இன்னும் வர்ல, இப்பப் போயி இந்துவக் கட்டிக்கறேன்னு சொன்னா அவன் ஜெர்மனி போறது நின்னுபூடும்னா. அவன் பிளேன் ஏறட்டும், அப்பறம் வந்து கேளுன்னா. என்னால வெயிட் பண்ண முடியாதுன்னு நான் சண்டை போட்டேன். அதான் அவ்ளோ நேரம்."

டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "குடி, காபி ஆறுது," என்றார்.

குடித்தேன். அவர் மன்னிப்பாகவும் பேசவில்லை, கோபமாகவும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். தாம்பரம் பஸ் வந்தது. நான் படியில் கால் வைத்ததும், பின்னாலிருந்து கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார் வெளியூரு. தாம்பரம் வந்ததும் சொல்லி எறக்கி வுட்ருப்பா."

கண்டக்டர் சரி என்று தலையாட்டினார். முன்னால் காலியாக இருந்த ஒரு சீட்டைக் காட்டி, அங்க உக்காருங்க சார், நான் சொல்றேன் என்றார். நான் போய் உட்கார்ந்தேன்.